தொண்ணூறு நொடி

மரகதக்கா வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் மயங்கி விழுந்தார். அதுவும் ஆகாயத்தில் இல்லை. அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்காக நின்றுகொண்டிருந்தபோது விழுந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை, சர்க்கரை இறங்கிவிட்டது. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து, அடுத்த பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் சோறும் வாங்கிச் சாப்பிட்டார். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வருடாந்தர மருத்துவச் சோதனையில், டாக்டர் கேட்காமலேயே இதைச் சொல்லித் தொலைத்தார்.

மூன்றே வாரத்தில் அவருடைய விமானி உரிமத்தின் மேல் ஒரு நிபந்தனை வந்து உட்கார்ந்தது. துணைப்பெட்டி பொருத்தாத விமானத்தை அவர் ஓட்டக் கூடாது.

எங்கள் பக்கத்தில் விமானம் என்பது இப்போது அதிசயம் இல்லை. சட்டத்தைத் தளர்த்திய பிறகு, பம்ப் வார்த்தவர்களும் தறிக்கு உதிரிபாகம் கடைந்தவர்களும் கொட்டகையில் விமானம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பல்லடத்தைச் சுற்றி மட்டும் பதினேழு விமானங்கள் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் வேகமும் உயரமும் காட்டும் முள்ளும் ஒயரும் பொருத்திக் கொடுக்கிறவன் நான், சென்னியப்பன். ஒரு திருகு அரைச் சுற்று கூடுதலாக இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மரகதக்காவின் விமானம் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன விமானம். ஏழு வருஷம் ஆணி ஆணியாக அடித்துக் கட்டினார். வெயிலில் நின்றால் கண் கூசும், அதனால் சோளக்காட்டு ஆட்கள் அதற்கு அலுமினியக் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பம்ப் பட்டறை மருமகன் கைக்குப் போன பிறகு, ஐம்பத்து நான்கு வயதில் அவருக்கென்று மிச்சம் இருந்தது அந்தக் கொக்கு ஒன்றுதான். நிபந்தனைக் கடிதம் வந்த அன்று என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எப்படியாச்சும் இதை மாட்டிக் குடுத்துருங்க. தரையிலயே உக்காந்து சாகறதுக்கு எனக்கு மனசில்ல" என்றார்.

துணைப்பெட்டி பழைய தானோட்டி மாதிரி இல்லை. தானோட்டி சொன்ன வேலையைச் செய்யும், சும்மா இரு என்றால் சும்மா இருக்கும். துணைப்பெட்டி விமானியையே கவனித்துக்கொண்டிருக்கும். விமானி மயங்கினார், குழம்பினார் என்று அதற்குத் தோன்றினால் பிடியை அதுவே வாங்கிக்கொள்ளும். புதிதாகச் செய்கிற விமானங்களில் அதற்கென்று இடம் விட்டே செய்கிறார்கள். கொக்கில் ஒரு விரல் நுழைய இடம் கிடையாது. இருக்கைக்கு அடியில் ஒரு மோட்டார், இறக்கையின் அடியில் ஒரு மோட்டார், அவற்றைத் தாங்கும் பட்டைகள், ஒயர்கள் என்று ஐந்து வாரம் அதன் வயிற்றுக்குள் தலைகீழாகக் கிடந்தேன். பட்டையை மட்டும் மூன்று தடவை வெட்டி எறிந்துவிட்டு நான்காவதாகச் செய்தேன்.

அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்.

"இதை ஆஃப் பண்ற சுவிட்ச் எங்கீங் தம்பி?"

"இல்லீங்க்கா. உங்க மாதிரி நிபந்தனை உரிமம் இருக்கறவங்களுக்கு சுவிட்ச் கிடையாது. பவர் ஒயர் உங்க சீட்டுக்கு அடியில சீல் வெச்சிருக்கும். சீல் உடைஞ்சா உரிமம் போச்சு."

"அப்ப அது தப்பு பண்ணுச்சுன்னா?"

"மறுக்கறேன்னு வாயால சொல்லிட்டு, ஓட்டற ஸ்டிக்கைப் பிடிச்சு நில்லுங்க. மயங்கறவங்க கை ஒண்ணு தொங்கும், இல்லீன்னா வெட்டி வெட்டி இழுக்கும். தெளிவா இருக்கறவங்க கை ஒரே சீரா இருக்கும். தொண்ணூறு நொடி சீரா பிடிச்சீங்கன்னா, அது உங்களை நம்பி உட்டுக்குடுத்துரும்."

"தொண்ணூறு நொடியில ஒரு டீயே குடிச்சு முடிச்சிரலாமே."

"மேல இருக்கறப்ப எல்லாருமே தன் கை தெளிவாத்தான் இருக்குன்னு நெனைப்பாங்கக்கா. அதுக்குத்தான் அத்தனை நேரம். அதுவும் நாளுக்கு நாள் கத்துக்கும். ஒரு பெட்டி கத்துக்கறது மத்த எல்லாப் பெட்டிக்கும் போயிரும். நானூத்திச் சொச்சம் பெட்டி இருக்குது, எல்லாத்துக்கும் ஒரே மூளைன்னு வெச்சுக்குங்க."

"நல்லா இருக்குது போங்க. ஒரு மருமகளுக்குச் சொன்னா ஊர்ல இருக்கற அத்தனை மருமகளுக்கும் தெரிஞ்சுரும்ங்கற மாதிரி" என்று சிரித்தார்.

பெட்டிக்கு உயரமும் வேகமும் தெரிய வேண்டுமானால் வெளிக்காற்றின் அழுத்தம் தெரிய வேண்டும். பழைய முட்களுக்கென்று விமானத்தின் முன்பக்கம் ஏற்கெனவே துளை இருந்தது. அதைப் பெட்டியோடு பங்கு போடக் கூடாது என்பது விதி. அதனால் வாலுக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் கடுகளவு துளை ஒவ்வொன்று போட்டேன். பெயிண்ட் காயும்வரை சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தேன். ஆயுத பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் டேப்பை உரித்துவிட்டு, என் சொந்தக் கடையைக் கழுவிப் பூசைக்குத் தயார் செய்ய ஓடிவிட்டேன். பறக்கும் முன் பார்க்க வேண்டியவை என்று அக்கா ஒரு அட்டை வைத்திருப்பார். அதில் இந்தத் துளைகளுக்கு ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. துளை போட்டேன் என்று வாயால்கூடச் சொல்லவில்லை.

புதுசாக எதையும் தொடங்க விஜயதசமியைவிட நல்ல நாள் ஏது? அன்று காலை எட்டு மணிக்கு முதல் ஓட்டம் என்று அக்காவே குறித்துவிட்டார். நான் போனபோது கொக்கு பொங்கல் மாடு மாதிரி நின்றது. மூக்கில் சாமந்தி மாலை, உடம்பெல்லாம் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். மாலையைக் கழற்றிக் கொட்டகைக் கதவில் மாட்டிவிட்டு ஏறினோம். அக்கா இடதுபக்கம், நான் வலதுபக்கம். சட்டைப் பையில் வழக்கம்போல் ஒரு கட்டிங் பிளேயர்.

சோளக்காட்டு நடுவில் எழுநூறு மீட்டர் மண் தளம். கொக்கு அழகாக எழுந்தது. கீழே சோளம், தூரத்தில் வரிசையாகக் காற்றாலைகள். அக்கா முகத்தைப் பார்த்தேன். எட்டு மாதம் கழித்து ஏறியிருக்கிறார், வாய் கொள்ளாத சிரிப்பு. ஐந்து வாரக் கஷ்டம் எனக்கு அப்போதே தீர்ந்துபோயிற்று.

தரையிலிருந்து அறுநூறு அடி போயிருப்போம். பெட்டி பேசியது.

"வேகம் குறைகிறது. மூக்கை இறக்குகிறேன்."

அக்காவின் கையில் இருந்த ஸ்டிக் தானாக முன்னால் நகர்ந்தது. கொக்கு தலையைத் தாழ்த்தியது.

"தம்பி, என்னங் இது? வேகம் சரியாத்தானே இருக்குது?"

பழைய முள் நூற்று முப்பது கிலோமீட்டர் காட்டியது. பெட்டியின் திரையில் எழுபது. நான் பார்க்கும்போதே அறுபத்தைந்து ஆயிற்று. திரையில் உயரம் எவ்வளவு என்று பார்த்தேன். பூஜ்யம். கிளம்பியதிலிருந்து அந்த எண் நகரவே இல்லை. பெட்டியைப் பொறுத்தவரை நாங்கள் இன்னும் தரையை ஒட்டியே இருக்கிறோம், வேகமும் செத்துக்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோளைக் கேட்டிருந்தால் அதற்கு உண்மை தெரிந்திருக்கும். ஆனால் எங்கள் பக்கம் அந்த சிக்னல் அடிக்கடி அறுவதால், அதை நம்பாதே என்று பெட்டிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"அக்கா, பெட்டியோட காத்துத் துளை அடைச்சிருக்குது! பழைய முள்ளுக்குத் துளை வேற, அது சரியாத்தான் காட்டுது. பெட்டி சொல்றது பொய்!"

அக்கா இரண்டு கையாலும் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். "மறுக்கறேன்!"

"மறுப்பு பதிவானது" என்றது பெட்டி, பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரே குரலில். "எண்ணிக்கை தொடங்குகிறது."

மோட்டாரின் பலமும் ஒரு மனுஷக் கையின் பலமும் ஏறக்குறையச் சமம். அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அக்கா இழுக்க இழுக்க விமானம் விழாமல் நின்றது, ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்தது. பத்து, இருபது என்று பெட்டி எண்ணியது. முப்பதில் அக்காவின் முழங்கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, என் பக்கத்து ஸ்டிக்கை நானும் பிடித்து இழுத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"இரண்டு ஸ்டிக்கிலும் கைகள் தெரிகின்றன. விமானியின் கையை அளக்க முடியவில்லை. எண்ணிக்கை மீண்டும் தொடங்குகிறது."

"உடுங்க தம்பி! கைய எடுங்க!" என்று அக்கா கத்தினார்.

எடுத்தேன். முள்ளில் நானூற்று எண்பது அடி. முதலிலிருந்து தொண்ணூறு. என் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன், இல்லாவிட்டால் அது மறுபடியும் போய்விடும். பொருத்தியவன் நான், பக்கத்திலேயே இருக்கிறேன், ஒன்றும் செய்ய முடியாது. அந்த மாதிரி பயத்தை நான் அதற்கு முன்னால் அறிந்ததில்லை.

அப்புறம்தான் பிளேயர் ஞாபகம் வந்தது. குனிந்து அவர் இருக்கைக்கு அடியில் கைவிட்டேன். சீல் வைத்த சிவப்பு ஒயர் விரலில் பட்டது.

"வெட்டிர்றேங்க்கா."

"வேண்டாம்!"

"உசிரு முக்கியமுங்க்கா!"

"வெட்டினா நான் இனி ஏறவே முடியாது. எத்தனை அடியில இருக்கறோம்?"

"நானூறு."

"எரநூறு வரட்டும். வந்தா வெட்டிக்குங்க. அதுவரைக்கும் தொடாதீங்க."

நாற்பது என்றது பெட்டி. பிளேயரின் வாயை ஒயரில் கவ்வ வைத்தபடி, கழுத்தை மட்டும் தூக்கி வெளியே பார்த்தேன். நேர் எதிரே காற்றாலை. அதன் இறக்கை எங்களுக்கு மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது.

"அக்கா, எதுத்தாப்ல!"

"தெரியுது. ஸ்டிக்கைச் சாய்ச்சுத் திருப்பினா எண்ணிக்கை போயிருமா?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை தாள் படித்தேன், இது எங்கேயும் எழுதியிருந்ததாக நினைவில்லை. பிறகு நானே இருட்டுக்குள் படுத்து வேலை செய்த இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இருக்கைக்கு அடியில் ஒன்று, இறக்கையில் ஒன்று. காலடிப் பெடல் திருப்புவது வாலை; வாலில் மோட்டார் இல்லை.

"கால்! காலுக்கு மோட்டார் கெடையாதுக்கா, அதுக்குக் கணக்கில்ல! காலாலயே திருப்புங்க!"

இடது பெடலை மிதித்தார். கொக்கு அரைமனதாக, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. காற்றாலையின் தண்டு வலதுபக்க ஜன்னலில் வளர்ந்தது, தண்டின் அடிக் கதவில் எழுதியிருந்த எண்ணைக்கூடப் படித்தேன், பின்னால் போய்விட்டது. அறுபது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கை மட்டும் ஆடவில்லை. எழுபது. முள் இருநூற்று ஐம்பது. கீழே சோளக்காட்டில் ஒரு பொம்பளை முக்காட்டை விலக்கி எங்களை அண்ணாந்து பார்த்தாள். எண்பது.

"எரநூத்திப் பத்துங்க்கா. வெட்டறேன்."

"பத்து எண்ணுங்க தம்பி. பத்தே பத்து."

நான் எண்ணவில்லை, மருதமலை முருகனைக் கூப்பிட்டேன். முள் இருநூறைத் தொட்டது. தாண்டியது. என் கை பிளேயரை அழுத்தவில்லை. பயத்தில் அழுத்தவில்லையா, அக்காவுக்காக அழுத்தவில்லையா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

"தொண்ணூறு. உங்கள் கை தெளிவாக இருக்கிறது. விட்டுக்கொடுக்கிறேன்."

ஸ்டிக் விடுபட்டது. கொக்கு மூக்கைத் தூக்கியது. அக்கா ஒரு சுற்றுச் சுற்றி, எந்த ஆட்டமும் இல்லாமல் இறக்கினார். என்ஜினை அணைத்த பிறகு கையை விரிக்கப் பார்த்தார். விரல்கள் வரவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன். இரண்டு பேரும் அழுதோம், அதில் சொல்ல வெட்கம் ஒன்றுமில்லை.

இறங்கி நேராக வாலுக்குப் போனேன். இடதுபக்கம், நான் துளை போட்ட இடத்தில் துளை இல்லை. எட்டணா அளவுக்குச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், காய்ந்து சிமெண்டாகியிருந்தது. மறுபக்கமும் அதே மாதிரி. ஏழு வருஷமாக ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அக்கா பொட்டு வைக்கிற இடம் அது. அங்கே போய்த்தான் நான் துளை போட்டிருக்கிறேன். வேறெந்த நாட்டிலும் ஒரு விமானம் இப்படி விழப் பார்த்திருக்காது.

கொட்டகையிலிருந்து பனியன் வேஸ்ட் துணி ஒன்றை நனைத்து எடுத்து வந்து, இரண்டு பொட்டையும் துடைத்தேன். நகத்தால் சுரண்டி, ஊதிப் பார்த்து, துளை தெரியும்வரை துடைத்தேன். அக்கா பின்னால் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது.

"நான் வெச்ச பொட்டா?" என்றார்.

"என் தப்புங்க்கா. துளை போட்டதை உங்ககிட்டச் சொல்லல. அட்டையிலயும் எழுதல."

"அப்ப கம்பெனிக்குப் போற படிவத்துல அப்படியே எழுதிருங்க."

"எழுத முடியாதுங்க்கா. பறக்கறதுக்கு முன்னாடி துளையைப் பார்க்கறது விமானியோட பொறுப்பு. கவனக்குறைவுன்னு ஒரு வார்த்தை வந்தா நிபந்தனை உரிமத்தை அன்னைக்கே ரத்து பண்ணிருவாங்க. அதுக்கா இந்தக் கையை இப்படி ஒடிச்சுக்கிட்டீங்க?"

அக்கா என் கையிலிருந்த மஞ்சள் பிடித்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குச் சரியாப் படல தம்பி" என்றார். பிறகு கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார். வேண்டாம் என்று அடித்துச் சொல்லாததை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து இன்னும் பல விமானங்களுக்குப் பெட்டி பொருத்த என்னைத்தான் கேட்டிருந்தார்கள். துளை போட்டுவிட்டுச் சொல்லாமல் போன சென்னியப்பன் என்று பேர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

படிவத்தில் வெளித் துளைகளின் நிலை என்ற இடத்தில் 'சுத்தம், கண்ணால் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது அவை சுத்தமாகத்தான் இருந்தன.

இரண்டு நாளில் பெட்டி செய்கிற கம்பெனியிலிருந்து யாமினி என்று ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். தமிழ்ப் பெண்தான், குரலில் இருபத்தெட்டு வயது இருக்கும். ஒவ்வொரு சம்பவத்தையும் அலசி, பெட்டிகளுக்குப் பாடமாக மாற்றுவது அவள் வேலை.

"சார், துளை சுத்தமா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

"தண்ணி, பூச்சிக்கூடு, டேப்பு, எதுவுமே இல்ல?"

"எதுவுமே இல்ல."

"ஆச்சரியமா இருக்கு சார். அப்ப கருவி எந்தக் காரணமும் இல்லாம தப்பு. மனுஷங்க கை சரி. இப்படி ஒண்ணு எங்களுக்கு வந்ததே இல்ல. தொண்ணூறு நொடி ரொம்ப ஜாஸ்தின்னு எங்களுக்குள்ளயே ஒரு வருஷமா சண்டை. இந்த ஒண்ணு தராசைச் சாய்ச்சிரும்."

"சாய்ச்சா?"

"இருபது நொடியாக் குறைப்போம். எல்லாப் பெட்டியிலயும். உங்க அக்கா மாதிரி இன்னொருத்தர் அவ்வளவு நேரம் போராட வேண்டியதில்ல பாருங்க."

சொல்வதற்கு அதுதான் இடம். வாய் வரைக்கும் வந்தது. பிறகு, இருபது நொடி நல்லதுதானே, அன்றைக்கு இருபதாக இருந்திருந்தால் நாங்கள் ஐநூறு அடியிலேயே தப்பித்திருப்போமே என்று நினைத்தேன். நினைத்தது எனக்கு வசதியாக இருந்தது. "நல்ல காரியம்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அக்காவின் உரிமத்துக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் கொக்கு அதற்குப் பிறகு கிளம்பவே இல்லை. கேட்கும்போதெல்லாம் முழங்கை இன்னும் வலிக்கிறது, மழை விடட்டும், காற்று அடங்கட்டும் என்று ஏதாவது சொன்னார். இவருக்காகத்தானே அத்தனையும் செய்தேன் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்கூட வந்தது.

ஜூன் மாதம் அந்தச் செய்தி வந்தது. ஐசக் தேவநேசன் என்று ஒருவர், மார்த்தாண்டம் பக்கம், ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். இதய அறுவை சிகிச்சை ஆனவர் என்பதால் அவருக்கும் நிபந்தனை உரிமம், அவர் விமானத்திலும் துணைப்பெட்டி. மகள் பெனிட்டாவைக் கல்லூரியில் விட ஏறியிருக்கிறார். மலை ஓரத்தில் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். மேகத்துக்குள் நேராகப் போவதாகத்தான் யாருக்கும் தோன்றும், உடம்பு அப்படி ஏமாற்றும். பெட்டியின் பதிவை விமானம் கட்டுகிறவர்களின் குழுவில் போட்டிருந்தார்கள். கேட்டேன்.

"இடதுபக்கம் சாய்ந்து இறங்குகிறோம். நேராக்குகிறேன்."

"நேராத்தான் போகுது. மறுக்கிறேன்." பயம் துளிகூட இல்லாத, வகுப்பில் பேசுகிற குரல்.

"எப்பா, அது சொல்லுகத கேளுங்கப்பா" என்றது ஒரு பெண் குரல்.

"நீ சும்மா இரி மக்கா, எனக்குத் தெரியும்."

பெட்டி இருபது வரை எண்ணியது. உங்கள் கை தெளிவாக இருக்கிறது, விட்டுக்கொடுக்கிறேன் என்றது. விமானம் மலையில் மோதியது. அவர் கை உண்மையிலேயே தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. மேகம் மொத்தமும் ஐம்பது நொடி தூரம்தான் என்று விசாரணைக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். இன்னும் முப்பது நொடி அது பிடித்துக்கொண்டிருந்தால் வெளியே வந்து மலையைக் கண்ணாலேயே பார்த்திருப்பார். அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன். அக்கா கொக்கின் மேல் துணி போர்த்திக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவரும் பதிவைக் கேட்டிருக்கிறார், கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் கம்பெனிக்குச் சொல்லப் போறேன். பொட்டு, துடைச்சது, பொய் எழுதினது எல்லாத்தையும். உங்க உரிமம் போயிரும். என்னை மன்னிச்சுருங்க."

"போன் பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான்.

அங்கேயே நின்று யாமினியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம் என்ற வார்த்தை வந்தபோது அந்தப் பக்கம் மூச்சு நின்ற மாதிரி இருந்தது. முடித்ததும் கேட்டேன்.

"லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேன் சார். இது எங்களுக்கு முன்னாடியே வந்துச்சு."

"எது?"

"சந்தனம். உங்க அக்கா அக்டோபர்லயே எழுதியிருந்தாங்க. அவங்க வெச்ச பொட்டு, நீங்க துடைச்சீங்க, உங்க மேல நடவடிக்கை வேண்டாம், வேணும்னா தன் உரிமத்தை எடுத்துக்கட்டும்னு. நான்தான் அதைப் படிச்சேன். ஒரு பக்கம் மயக்கம் வந்து விழுந்தவங்கன்னு ஃபைல்ல இருக்கற ஒரு விமானி. இன்னொரு பக்கம் கண்ணால பாத்தேன்னு கையெழுத்துப் போட்ட டெக்னீஷியன். போன்லயும் கேட்டேன், அடிச்சுச் சொன்னீங்க. நாங்க உங்களை நம்பினோம் சார்."

போனை இறக்கினேன். அக்கா கயிற்றின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதினீங்களாக்கா?"

"ரெண்டு தடவை எழுதினேன் தம்பி" என்றார். "ரெண்டாவது தடவை, நீங்க படிவத்துல போட்ட கையெழுத்தே போதும்னு பதில் வந்துச்சு."